குன்னூரில் உணவாராய்ந்த மெக்காரிசன்

சங்கரன்கோவில் மண்ணையே மருந்தாகக் கொள்ளும் ஊர். அங்குள்ள சங்கரநாராயணர் கோயிலிற் கிடைக்கும் புற்றுமண்ணைத் தோல்நோய்க்கு மருந்தென்று கருதி அயலூரார் பலர் பெற்றுச் செல்வது நெடுநாளைய வழக்கம். அவ்வழக்கத்தின் தகுதியை ஆராய்வது இக்கட்டுரையின் கருத்தன்று. ஆயின், அவ்வூரைச் சூழ்ந்துள்ள கரிசலும் செவ்வலுமாகிய வானம் பார்த்த நிலத்தில் விளைந்த கம்பையும் சோளத்தையும் உண்டு வாழ்ந்த குடிகள், நாளடைவில் வெண்ணிறம் பெறத் தீட்டிய அரிசியையே உயர்ந்த உணவென்று மதிக்கத் தலைப்பட்டனர். இதனை நினைக்குந்தோறும், மண்ணிலிருந்து பயிருக்கும் பயிரிலிருந்து உடலுக்கும் நலம் செல்லும் வழியை ஆராய்வதிலேயே தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்ட ஒருவரின் நினைவும் உடனெழுகின்றது. அவர் தமிழரல்லர், அயர்லாந்தினர். எனினும் அவர்தம் தலைசிறந்த ஆராய்ச்சிகள் நிகழ்ந்த இடம் நம் நீலகிரியிலுள்ள குன்னூர். அவ்வாராய்ச்சியில் எல்லா உணவினும் கடையிடம் பெற்றதோ நம்மவர் உணவு. ஆகலின் அவர் வரலாற்றை நாம் அறியாதிருத்தல் முறையன்று.

சர் ராபர்ட் மெக்காரிசன் 1878-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 15-ஆம் நாள் அயர்லாந்தின் வடபாலுள்ள போர்ட்டடவுன் என்னும் ஊரிற் பிறந்தார். பெல்பாஸ்ட் நகரத்துக் குயின்ஸ் கல்லூரியில் மருத்துவம் பயின்று 1900-இல் தேர்ச்சி பெற்று, அடுத்த ஆண்டிலேயே இந்திய மருத்துவப் பணியிற் சேர்ந்து இந்நாடு போந்தார். முதலில் அவருக்கு வாய்த்த இடம் வடமேற்கெல்லையிலுள்ள சித்திரால். அங்கிருந்த படைவீரரை ஒரு மூன்றுநாட் காய்ச்சல் வாட்டி வந்தது. அதனை மணல் ஈயின் கடியோடு தொடர்புபடுத்தி முதன்முதல் எண்ணியவருள் இவ்விளைஞரும் ஒருவர். அவ்வெண்ணம் சரியானதே என்று பிறநாட்டு ஆராய்ச்சியாளர் பின்னர் நிறுவினர்.

1904-இல் அவர் கில்கித் என்னும் மலைநாட்டுக்கு மருத்துவராகச் சென்று ஏறத்தாழ ஏழாண்டுகள் தங்கினார். அந்நாட்டில் முன்கழுத்துக் கழலை மிகுதி. ஒரே வாய்க்காலின் நீரை மேலிருந்து கீழாக அடுத்தடுத்துப் பருகும் சிற்றூர்கள் சில அங்கு இருந்தன. மெக்காரிசன் வீடுவீடாகச் சென்று கழலையுற்றாரை எண்ணினார். தலைமடையிலிருந்த ஊரில் நூற்றுக்கு ஏறத்தாழ 12 பேர். கடைமடையிலோ நூற்றுக்கு 45-க்கு மேல். ஒவ்வோரூரின் கழிவையும் ஏற்றுக்கொண்டு செல்லச் செல்ல நீரும் கெட்டது, கழலையும் பெருகிற்று. ஆகவே நீரிற் கலந்த மாசே நோய்க்கு வித்தென்று அவர் கருதினார். கருதியதோடு அமையாது, அம்மாசு நீரின் வண்டலைத் தாமும் பருகினார்; உடன்பட்டு முன்வந்த சிலரையும் பருகச் செய்தார். அவருக்கும் அவர்களுள் ஒரு சாரார்க்கும் கழுத்து வீங்கிற்று. காய்ச்சிய வண்டலைப் பருகியவருக்கு அங்ஙனம் நேரவில்லை. பிறரை நோயாளியாக்கும் முன் தம் கழுத்தையே ஆராய்ச்சிக்கு ஒப்புவித்த அவ்வாண்மையை யார் வியவார்! எனினும் வியப்பு வேறு, உண்மை வேறு. உணவிலும் நீரிலும் அயோடின் என்னும் பொருள் குறைவதே அந்நோயின் முதற்காரணம் என்பது பின்னர் உறுதிப்பட்டது. மாசு துணைக்காரணமாகலாமேயன்றித் தலைக்காரணம் ஆகாது. தாம் கண்டதன்மேல் வைத்த பற்றினால் மெக்காரிசன் அயோடினுக்குரிய இடத்தை முழுதும் அளிக்க நெடுநாள் தயங்கினார் என்றே சொல்லல் வேண்டும்.

கில்கித்துக்கு வடக்கே ஹூன்சா என்னும் சிறுநாடு உளது. அந்நாட்டு மக்களின் உடலுரம் அவர் கருத்தைப் பிணித்தது. தவிடு நீக்காத தானியம், காய்கறி, பால், உலர்த்திய சர்க்கரைப் பாதாமி இவையே அவர்கள் உணவு. இறைச்சி அருகியே உண்பர். அவர்தம் ஆயுளைப் பற்றிப் பிற்காலத்தார் நூற்றுக்கணக்கில் கதைகட்டினர், அவை கொள்ளத்தக்கனவல்ல. ஆனால், அருகருகே வாழும் இரு கூட்டத்தாருள் ஒரு கூட்டம் நோயின்றியும் மற்றொன்று நோய்ப்பட்டும் இருப்பது ஏன் என்னும் வினா மெக்காரிசன் உள்ளத்தில் ஊன்றியது இங்கேதான். அதுகாறும் மருத்துவர் பலரும் நோய் எதனால் வருகின்றது என்றே வினவினர். நலம் எதனால் நிலைக்கின்றது என்று அவர் வினவலானார்.

1911-இல் ஹெலன் ஸ்டெல்லா என்னும் நங்கையை மணந்தார்; மக்கட்பேறு இல்லை. 1913-இல் கசௌலி ஆராய்ச்சி நிலையத்தில் உணவுக்குறை நோய்களை ஆராயத் தொடங்கினார். மறு ஆண்டே ஐரோப்பியப் பெரும்போர் மூண்டமையால் படைப்பணிக்குச் செல்ல நேர்ந்தது. திரும்பி வந்தபின், 1918-இல் குன்னூர்ப் பாஸ்டியர் நிலையத்தில் ஓர் அறை அவருக்கு ஒதுக்கப்பட்டது. வெறிநாய்க்கடிக்கு மருந்து செய்வதற்கென 1907-இல் திறக்கப்பெற்ற நிலையம் அது. அவ்வோர் அறையிலேதான் பெரிபெரி ஆராய்ச்சி தொடங்கிற்று.

பெரிபெரி என்பது கால்கள் மரத்து, உடல் வீங்கி, இதயம் தளர்ந்து மாயச் செய்யும் கொடுநோய். தீட்டிய அரிசியை உண்ட கோழிகள் அந்நோய்க்கு ஒத்த பிணியால் வீழ்வதை ஐக்மன் என்னும் டச்சு மருத்துவர் ஜாவாத்தீவிற் கண்டிருந்தார். தவிட்டிலுள்ள நுண்பொருளுக்கு வைட்டமின் என்று 1912-இல் பெயரிட்டவர் காசிமிர் பங்க். மெக்காரிசன் புறாக்களைக் கொண்டு அவ்வாராய்ச்சியை மேற்கொண்டார். பெரிபெரி வெளிப்படுமுன்னரே குடலும் நாளமில்லாச் சுரப்பிகளும் கேடுறுகின்றன என்பதை அவர் காட்டினார். உணவுக்குறை என்பது ஒரு நாள் திடீரென வந்து வீழ்த்தும் பகையன்று. உள்ளிருந்து சிறுகச்சிறுக அரிக்கும் கறையான் போல்வது என்னும் உண்மை இதனாற் புலப்பட்டது. இவ்வாராய்ச்சிகளின் தொகுப்பு 1921-இல் நூலாக வெளிவந்தது.

இவ்விடத்து நம்மவர் பெருமை கொள்ளத்தக்க செய்தி ஒன்றும் உண்டு. அக்காலச் சென்னை மாகாணத்தில் பெரிபெரி வேரூன்றியிருந்தது வடசர்க்கார் ஜில்லாக்களிலேயே. அரிசியே உணவாகக் கொண்ட தமிழ் ஜில்லாக்களில் அது மிக அரிது. காரணம் நம் புழுங்கலரிசி. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் என்னும் வைட்டமின் உள்மணிக்குட் புகுந்துவிடுகின்றது. ஆகவே பின்னர்த் தீட்டினாலும் முழுதும் நீங்குவதில்லை. நெல் அவிக்கும் அண்டாவின் அருகே புகையிற் கண் கலங்கி நின்ற நம் பாட்டிமார் வைட்டமின் என்னும் சொல்லைக் கேட்டவரல்லர்; எனினும் எத்தனையோ உயிர்களைக் காத்தனர்.

1923-இல் இன்ச்கேப் பிரபுவின் தலைமையிலமைந்த செலவுக்குறைப்புக் குழுவின் முடிவால் சர்க்கார் இவ்வாராய்ச்சிக்குப் பொருளுதவியை நிறுத்திற்று. கோடிக்கணக்கான மக்களின் சோற்றைப் பற்றிய ஆராய்ச்சி வேண்டாச் செலவாகத் தோன்றிய விந்தையை என்னென்பது! ஈராண்டுகளுக்குப்பின், 1925-இல், பணி மீண்டும் தொடங்கிற்று. 1928-இல் உணவாராய்ச்சி நிலையமாக விரிவடைந்தது. மெக்காரிசன் அதன் முதல் தலைவரானார்.

இக்காலத்தில் அவர் செய்தவற்றுள் உழவர் அறிய வேண்டுவது ஒன்று. கோயம்புத்தூரிலிருந்த வேளாண் இரசாயன வல்லுநர் விசுவநாத் என்பாருடன் கூடி, ஒரே தானியத்தைத் தொழுவுரமிட்டும் செயற்கையுரமிட்டும் விளைவித்து, அவற்றின் ஊட்டத்தை ஒப்பிட்டார். தொழுவுரமிட்ட நிலத்து மணியே ஊட்டத்தில் மேம்பட்டதென 1926-இல் இருவரும் எழுதினர்.

இனி அவர் பெயரை உலகறியச் செய்த எலியாராய்ச்சிக்கு வருவோம். பாபிலோன் அரண்மனையில் அரசன் உணவை மறுத்துப் பருப்பும் தண்ணீரும் கொண்ட தானியேலும் தோழரும், பத்துநாள் சோதனைக்குப்பின் முகக்களையில் ஏனையோரை வென்ற வரலாறு நம் கல்லூரியில் யாவரும் அறிந்தது. இரு கூட்டத்தாரைப் பிரித்து, உணவொன்றையே வேறாக்கி, நாட்குறித்து ஒப்புநோக்கும் முறை அங்கேயே உளது. அதே முறையைத்தான் மெக்காரிசன் குன்னூரில் எலிகளைக் கொண்டு செய்தார். வயதும் எடையும் ஒத்த இளவெலிகளை ஏழு கூட்டமாகப் பிரித்து, சீக்கியர், பட்டாணியர், மராட்டியர், கூர்க்கர், கன்னடர், வங்காளியர், சென்னை மாகாணத்தார் ஆகியோர் உண்ணும் உணவை ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒன்றாக அளித்தார். சீக்கிய உணவாவது: கோதுமை மாவிற் செய்து வெண்ணெய் தடவிய சப்பாத்தி, பால், முளைகட்டிய கடலை, பச்சைக் காரட்டும் முட்டைக்கோசும், வாரம் ஒருமுறை எலும்போடு கூடிய சிறிதளவு இறைச்சி. சென்னை உணவில் கழுவிச் சமைத்த தீட்டிய அரிசியே பெரும்பங்கு; பாலும் பசுங்காயும் சொற்பம். சில திங்கள் கழித்து நிறுத்தபோது சீக்கிய உணவுண்ட எலிகளின் சராசரி எடை 235 கிராம். சென்னை உணவுண்டவை 155 கிராம். இடைப்பட்டவை மற்றை ஐந்தும்.

இம்முடிவைக் கண்டு நாணுதல் எளிது. அதன் பொருளை உணர்தலே அரிது. வீரத்துக்குரிய குலமென்றும் அதற்குரியதல்லாத குலமென்றும் இந்நாட்டு மக்களைப் பிரித்து, அஃது இரத்தத்தில் ஊறியதென்று ஆள்வோர் கூறிவந்த காலம் அது. மெக்காரிசனும் ஆள்வோர் மொழியிலேயே இனங்களைப் பற்றிப் பேசியவர்தாம். ஆயினும் அவருடைய எலிகள் யாவும் ஒரே குலத்தன. வேறுபட்டது உணவு ஒன்றே. ஆகவே எலிக்கூண்டுகள் எழுப்பிய சான்று, பேசியவரின் மொழியையும் கடந்து சென்றது. ஆனால் இரு குறைகளை நாம் எடுத்துக்காட்டல் வேண்டும். சென்னை மாகாணம் முழுதும் அரிசியுண்டதென்பது மெய்யன்று. சங்கரன்கோவில் போன்ற மானாவாரிச் சீமையின் ஏழை உழவன் உண்ட கம்பங்கூழுக்கு அந்த ஏழு கூண்டுகளுள் இடமில்லை. மற்றொன்று, பாலும் வெண்ணெயும் நல்லவை என்று அறிந்தவுடன் அவற்றை வாங்கும் காசு கைக்கு வந்துவிடுவதில்லை.

சீக்கிய உணவை ஒத்த உணவிலேயே அவர் வளர்த்த 1000-க்கும் மேற்பட்ட எலிகள் ஈராண்டுக்கு மேல் நோயின்றி வாழ்ந்தன. குட்டியீனும்போது தாய் இறப்பதும் இல்லை. இதற்கு எதிராக ஆங்கிலநாட்டு ஏழை உணவையும் அவர் சோதித்தார். வெள்ளை ரொட்டி, மார்ஜரின் என்னும் செயற்கை வெண்ணெய், பாலருகிச் சர்க்கரை மிகுந்த தேநீர், டப்பா இறைச்சி, பழப்பாகு, வேகவைத்த உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் என்பனவே அது. அவ்வெலிகள் வளர்ச்சி குன்றின. தம்மைப் பேணியவரைக் கடித்தன. ஏறத்தாழ அறுபதாம் நாள் முதல் தம்முள் நலிந்தவற்றைக் கொன்று தின்னவும் தொடங்கின. ஆளும் இனத்தவரொருவர் தம் நாட்டுணவையே இவ்வாறு வெளிப்படுத்தியது நேர்மைக்குச் சான்று.

இரண்டு உணவிலும் முட்டைக்கோசு இருந்ததைக் கூர்ந்து நோக்குக. ஒன்றிற் பச்சையாக, மற்றொன்றில் வேகவைத்து. அதே காய் மூன்றாம் முறையும் அவர் ஆராய்ச்சியில் வந்து நின்றது, இம்முறை குற்றவாளியாக. 1928-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் வேறோர் ஆராய்ச்சிக்கென வளர்த்த முயல்கள், முட்டைக்கோசையே தின்று வந்தமையால் கழுத்துக் கழலை யுற்றன. கில்கித்திற் கழலையோடு மல்லாடிய மெக்காரிசன் இதனைக் கேட்டு வாளா இருப்பாரா? குன்னூரிலும் முயல்களுக்கு முட்டைக்கோசு அளித்து அவர் இதனை ஆராய்ந்து எழுதினார். நல்லுணவிற் பங்குகொண்ட காய் எவ்வாறு நோயும் தருகின்றது என்னும் புதிர்க்கு விடை அவர் காலத்திற் பாதியும், அவர் காலத்துக்குப்பின் மறுபாதியுமாக வெளிப்பட்டது.

முட்டைக்கோசு, காலிபிளவர், நூல்கோல், முள்ளங்கி, கடுகு இவை யாவும் ஒரு குடும்பத்தின. இவற்றின் பூவில் நான்கு இதழ்கள் சிலுவைபோல் எதிரெதிர் அமைந்திருத்தலால் தாவரநூலார் சிலுவைப்பூக் குடும்பம் என்று இதற்குப் பெயரிட்டனர். கர்த்தர் உவமையில் எடுத்தாண்ட கடுகும் இக்குலத்ததே என்று பெரும்பாலார் கொள்வர். இச்செடிகளின் உயிரணுக்களில் கந்தகம் பொதிந்த குளுக்கோசினோலேட்டு என்னும் பொருள்கள் உள. அவற்றைப் பிளக்கவல்ல மைரோசினேஸ் என்னும் நொதியும் அருகிலேயே தனியறையில் அடைபட்டிருக்கின்றது. பூச்சியோ பல்லோ கத்தியோ இலையை நசுக்கும்போது இரண்டும் கலக்கின்றன. காரமும் நெடியுமுள்ள புதுப்பொருள்கள் பிறக்கின்றன. பச்சைக்கடுகை அரைக்கும்போது மூக்கில் ஏறும் நெடி இதுவே. செடி தன்னைக் காத்துக்கொள்ள ஏந்தும் படைக்கலம் என்க.

அப்பொருள்களுள் கழலை விளைக்கும் ஒன்றை அஸ்ட்வுட் என்னும் அறிஞரும் அவர் குழுவினரும் 1949-இல் டர்னிப் கிழங்கிலிருந்து பிரித்தனர். அதற்குக் காய்ட்ரின் என்று பெயர். மெக்காரிசன் மறைந்து முப்பத்திரண்டு ஆண்டுகட்குப்பின், 1992-இல், முயல்கள் கழலையுற்ற அதே ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்திலேயே, பால் தலாலே என்பாரின் குழுவினர் பிராக்கலி என்னும் பச்சைப் பூக்கோசிலிருந்து சல்போராபேன் என்னும் பொருளைப் பிரித்தெடுத்து அதன் ஆற்றலை வெளியிட்டனர். உடலிற் புகும் நச்சுக்களைச் செயலறச் செய்து வெளியேற்றும் நம்முடைய சொந்த நொதிகளை அது தூண்டி எழுப்புகின்றது. தானே போர் புரியாமல் ஊர்க்காவலரைத் தட்டியெழுப்பும் பறை போன்றது அதன் செயல். மூன்றுநாள் முளையில் இதன் மூலப்பொருள் முதிர்ந்த பூக்கோசைவிடப் பத்து முதல் நூறு மடங்கு வரை மிகுந்திருத்தலை அக்குழுவினரே 1997-இற் காட்டினர். முட்டைக்கோசிலும் இவ்வினப் பொருள்கள் உள. இந்தோல்-3-கார்பினால் என்பது அவற்றுள் ஒன்று. அஃது இரைப்பையின் புளிப்பிற்பட்டு இணைந்து வேறு பொருளாகின்றது. விலங்குகளில் இவை சில புற்றுநோய்களைத் தடுக்கக் கண்டனர். மனிதரிடத்து அங்ஙனம் தடுக்கும் என்பது இன்னும் நிறுவப்படவில்லை. சீனநாட்டில் மாசுற்ற காற்றைச் சுவாசிப்போர் பிராக்கலி முளைநீர் பருகியபோது, பென்சீன் என்னும் நச்சு அவர்கள் உடலிலிருந்து மிகுதியாக வெளியேறியதை 2014-இற் கண்டனர்.

நெடுநேரம் நீரில் வேகவைத்தால் அந்த நொதி அழிகின்றது. நீரை வடித்துக் கொட்டினால் சத்தும் உடன் செல்கின்றது. நறுக்கிச் சிறிது நேரம் வைத்திருந்து, நீர் குறைத்து ஆவியில் வேகவைப்பின் இழப்புக் குறையும். வெந்தபின் பச்சைக்கடுகுப் பொடி சிறிது தூவினால், கடுகின் நொதி காயின் குறையை ஈடுசெய்கின்றது. நாம் எண்ணெயில் வெடிக்க விடும் கடுகு மணத்துக்கு உதவுமேயன்றி இதற்கு உதவாது. கடுகை வறுக்காமல் அரைத்துச் சேர்க்கும் தயிர்ப் பச்சடி இவ்வகையில் நம் அடுக்களையின் நுட்பமான படைப்பு. அயோடின் போதிய அளவு கிடைக்கப்பெற்று அளவாக உண்போர்க்கு முட்டைக்கோசாற் கழலை வருமென்று அஞ்ச வேண்டுவதில்லை. முயல் உண்டது அஃதொன்றையே. சீக்கிய உணவுண்ட எலி பாலோடும் முளைக்கடலையோடும் தானியத்தோடும் உண்டது. இன்று சல்போராபேனைத் தனியே மாத்திரையாக்கி விற்போரும், அதனை வாங்கி விழுங்கிவிட்டுக் காயை இலையோரத்தில் ஒதுக்குவோரும் உளர். குன்னூர்க் கூண்டுகளில் வெற்றி பெற்றது எந்தவொரு தனிப்பொருளும் அன்று, முழுமையான உணவே.

மெக்காரிசன் தாம் கண்டவற்றைப் புலவர் கழகத்துள் முடங்கவிடவில்லை. உணவைப் பற்றி எளிய பாடநூலொன்றை இந்தியப் பள்ளிகட்கும் கல்லூரிகட்கும் சாரணர் படைகட்கும் உதவுமாறு 1928-இல் எழுதி வெளியிட்டார். 1933-இல் சர் பட்டம் பெற்றார். 1935-இல் ஓய்வுபெற்றுத் தாயகம் மீண்டார். அவருக்குப்பின் தலைமையேற்ற ஏக்ராய்டு என்பார் இந்திய உணவுப்பொருள்களின் சத்துக்களைக் கணக்கிட்டு 1937-இல் வெளியிட்ட சிறுநூல், இந்நாட்டு மருத்துவர்க்கும் விடுதி நடத்துவோர்க்கும் நெடுங்காலம் கைவிளக்காயிற்று.

ஓய்வு என்பது அவர் திறத்துப் பெயரளவே. 1936-இல் இலண்டன் கலைக்கழகத்தில் உணவும் நாட்டின் நலமும் என்னும் பொருள்பற்றி மூன்று சொற்பொழிவுகள் ஆற்றினார். அவை நூலாகிப் பலராலும் படிக்கப்பெற்றன. பின்னர் ஆக்ஸ்போர்டில் வதிந்து, 1945 முதல் 1955 வரை பட்டம் பெற்ற மருத்துவர்களின் மேற்பயிற்சிக்குத் தலைவராக விளங்கினார். 1960-ஆம் ஆண்டு மே மாதம் 18-ஆம் நாள், தம் எண்பத்திரண்டாம் வயதில், அந்நகரிலேயே உயிர் நீத்தார். அதற்கு ஈராண்டு முன்னரே, 1958-இல், அவர் நிறுவிய ஆராய்ச்சி நிலையம் குன்னூரினின்று ஐதராபாத்துக்குப் பெயர்ந்திருந்தது. 1969-இல் அது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்னும் பெயர் பெற்றது. ஓர் அறையை அவருக்கு அளித்த பாஸ்டியர் நிலையம் குன்னூரிலேயே உளது.